இரைக்கும் இரை வேண்டும்

பஞ்சு அந்தப் புழுவை மூன்றாவது முறையும் துப்பியது.

சலவை அறையில், தொட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இடுக்கியில் பிடித்த புழுவை மூக்குக்கு எதிரே ஆட்டியதும் தலை மெல்லத் திரும்பியது. ஆக்சலாட்டல் கடித்து மென்று தின்னும் பிராணி இல்லை. பல் என்று இருப்பது இரை நழுவாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். வாயைச் சட்டென்று திறக்கும். திறந்த வேகத்தில் முன்னால் இருக்கும் தண்ணீர் உள்ளே பாயும், தண்ணீரோடு இரையும் போய்விடும். கண்ணை இமைத்தால் தவறிவிடும். அப்படித்தான் அந்தப் புழுவும் போனது. இரண்டு விநாடி வாய் மூடியே இருந்தது. பிறகு தலையை உதறி, புழுவை முழுசாக வெளியே தள்ளி, கசப்பு மருந்து குடித்த குழந்தை மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, தன் மண் குழாய்க்குள் போய்ப் படுத்துவிட்டது.

கசப்பு மருந்து என்று நான் சும்மா சொல்லவில்லை. உண்மையிலேயே கசப்புதான். அது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. பஞ்சுவுக்கு என்ன போடுவது என்று தேடப் போய், இன்று வீட்டில் ஒரு புழுத்தொட்டி, பாசி ஏறிய பச்சைத் தண்ணீர் இரண்டு வாளி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு டப்பா கரும்புழு என்று ஒரு சின்னப் பண்ணையே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக்சலாட்டல் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் தொட்டியையும் வடிகட்டியையும் பற்றி நிறையக் கேட்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது மெல்பர்னில். மகளுக்கு ஒன்பது வயது. மைன்கிராஃப்ட் விளையாட்டில் 2021-ல் ஆக்சலாட்டல் வந்து சேர்ந்தது. அதிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வாயில் இதன் பெயர்தான். இங்கே கடைகளில் இதை 'மெக்சிகன் வாக்கிங் ஃபிஷ்' என்று சொல்லி விற்பார்கள். மீனே கிடையாது. தவளைக்கு உறவு, சாலமாண்டர் வகை. மற்ற சாலமாண்டர்களில் பலவும் குஞ்சுப் பருவத்தில் தண்ணீரில் இருந்துவிட்டு, தைராய்டு சுரப்பி வேலையைத் தொடங்கியதும் செவுளை உதிர்த்துவிட்டுக் கரையேறும். ஆக்சலாட்டலுக்கு அந்தச் சுரப்பு போதிய அளவு கிளம்புவதில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு போல் விரிந்த செவுளோடு, தண்ணீருக்குள்ளேயே பெரிதாகி, தண்ணீருக்குள்ளேயே முட்டையிட்டு வாழ்ந்து முடிக்கும்.

அதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் தெற்குப் பகுதியில் உள்ள சோச்சிமில்கோ வாய்க்கால்கள். 1864-ல் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்கு 34 ஆக்சலாட்டல்கள் கப்பலில் போயின. அவற்றில் ஆறு, அகுஸ்ட் துமேரில் என்ற விலங்கியலாளர் கைக்கு வந்து முட்டையிட்டுப் பெருகின. இன்று உலகத்து ஆய்வகங்களில் நீந்துபவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வம்சாவளிதான். சொந்த ஊரிலோ, சதுர கிலோமீட்டருக்கு 1998-ல் சுமார் 6,000 இருந்தது, 2014 கணக்கெடுப்பில் 36 ஆகிவிட்டது. மெக்சிகோவின் 50 பெசோ நோட்டில் 2021 முதல் அதன் படம் இருக்கிறது. அதன் வாய்க்காலில்தான் அது இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் மகளுக்குச் சொல்லித்தான் பஞ்சுவைக் கொண்டுவந்தேன். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்புச் செவுள், கறுத்த கண். பெயர் வைத்தது அவள்.

வந்தபோது பஞ்சு என் சுண்டுவிரல் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். எட்டு சென்டிமீட்டர் இருக்கும். கடையில் உறைய வைத்த ரத்தப்புழுக் கட்டிகளைக் கையில் கொடுத்து, "இது போதும், வேறெதுவும் வேண்டாம்" என்றார்கள். நம்பினேன். ரத்தப்புழு என்பது புழுவே அல்ல, கொசு மாதிரியே இருந்து கடிக்காத ஒரு பூச்சியின் குஞ்சு. நம் ரத்தத்தில் இருப்பது போல ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. பஞ்சு விரும்பித்தான் தின்றது. ஆனால் இரண்டு மாதத்தில் உடம்பு நீண்டதே தவிரத் தேறவில்லை. மேலிருந்து பார்த்தால் வயிறு தலை அகலத்துக்காவது இருக்க வேண்டும். பஞ்சுவின் வயிறு அதைவிட ஒடுங்கி இருந்தது. கட்டியில் பாதி கரைந்து தண்ணீரிலேயே போய்விடும். மறுநாள் அமோனியா ஏறும், தண்ணீர் மாற்ற வேண்டும். போதாததற்கு, கட்டியை உடைத்துக் கொடுத்துவந்த என் கணவருக்குக் கையெல்லாம் தடிப்பு. ரத்தப்புழுவின் அந்தச் சிவப்புப் புரதமே சிலருக்கு ஒவ்வாமை தரும் என்று பிறகுதான் தெரிந்தது.

ரத்தப்புழு கெட்டது என்று சொல்லவில்லை. தீபாவளிப் பலகாரம் மாதிரி அவ்வப்போது கொடுக்கலாம். அதையே மூன்று வேளையும் போட்டு ஒரு குழந்தையை வளர்க்க முடியாது.

ஒரு அன்பர் சின்ன மீன்களை வாங்கி விடச் சொன்னார். தங்கமீன் மலிவாகக் கிடைக்கும் என்றார். அது வேண்டவே வேண்டாம். தங்கமீன் உடம்பில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு. அது பி1 வைட்டமினை அழிக்கும். மீனோடு ஒட்டுண்ணியும் நோயும் இலவசமாக வரும். மீன் சும்மாவும் இருக்காது, ஆக்சலாட்டலின் செவுள் இழைகளைப் புழு என்று நினைத்துக் கொத்தும். மாவுப்புழுவும் அப்படித்தான், ஓடு கெட்டி, செரிக்காது. மாட்டிறைச்சித் துண்டு, கோழித் துண்டு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நிலத்துப் பிராணியின் கொழுப்பை இதன் குடல் என்ன செய்யும்? சோச்சிமில்கோவில் இது தின்பது புழு, பூச்சி, நத்தை, சிறு மீன், அக்கோசில் என்று அங்கே சொல்லும் ஒரு குட்டி நன்னீர்ச் சிங்கி இறால் வகை. அந்த வரிசையில் நம் கையில் சுத்தமாகக் கிடைக்கக்கூடியது எது என்று பார்த்தால் மண்புழுதான். வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. ஈரத்தை நீக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் புரதம். மென்மையான உடம்பு, ஓடு கிடையாது. வாசனையும் பலமாக இருக்கும். ஆக்சலாட்டலுக்குக் கண் மந்தம். மோப்பத்தையும், தண்ணீரில் ஏற்படும் அசைவையும் வைத்துத்தான் இரையைக் கண்டுபிடிக்கும்.

மண்புழுவுக்கும் எனக்கும் பழைய பழக்கம். கும்பகோணத்துப் பக்கம் எங்கள் ஊரில் அதை நாக்குப்பூச்சி என்போம். அப்பா அரசலாற்றில் தூண்டில் போடப் போவார். புழு தோண்டுவது என் வேலை. கொல்லையில் குளித்த தண்ணீர் ஓடிப் பாயும் வாழைத்தூறு இருக்கும். அந்த ஈரத்தில் மண்வெட்டியை ஒரு கொத்துக் கொத்தினால் போதும், கொட்டாங்கச்சி நிறையக் கிடைக்கும். அந்த நினைப்பில் இங்கே தோட்டத்தில் தோண்டப் போனேன். பிறகு கை நின்றது. வீட்டில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் புல்தரைக்குக் களைக்கொல்லி அடித்த டப்பாக்கள் கொட்டகையிலேயே கிடந்தன. மண்புழு தான் இருக்கும் மண்ணைத் தின்று வாழ்கிறது. மண்ணில் என்ன இருந்ததோ அது புழுவுக்குள் போகும், புழுவில் இருப்பது பஞ்சுவுக்குள் போகும். பஞ்சுவோ தோலாலும் சுவாசிக்கிற பிராணி. மண்வெட்டியைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

அப்படித்தான் வீட்டுச் சாமான் கடையில் உரப்புழுப் பெட்டி வாங்கினேன். பெட்டிக்குள் மூன்று வகை கலந்து இருக்கும். உடம்பில் மஞ்சள் பட்டை போட்டது டைகர். பட்டையில்லாமல் சிவந்தது ரெட். மூன்றாவது, வெளிச்சத்தில் பார்த்தால் நீலமும் ஊதாவுமாக மினுங்குவது. அதற்கு இங்கே பெயர் இந்தியன் ப்ளூ. நம் பக்கத்து வெப்ப மண்ணிலிருந்து வந்த வகை, மண்புழு உரம் போடுகிற இடங்களில் நம்மூரிலும் பார்க்கலாம். அதைப் பார்த்ததும் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

பஞ்சு துப்பியது டைகர் புழுவை. அந்த வகை, பிடித்து அழுத்தினால் மஞ்சளாக ஒரு திரவத்தைக் கசிய விடும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். விரலில் பட்ட இடத்தில் பூண்டு அழுகின மாதிரி ஒரு நெடி. பறவைகளிடமிருந்து தப்பிக்க அதற்குக் கிடைத்த ஆயுதம் அதுதான். சிலர் கொதித்து ஆறிய வெந்நீரில் இரண்டு விநாடி முக்கி, குளிர்ந்த தண்ணீரில் அலசிக் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்தத் திரவம் வெளியே வந்து கழுவிப் போய்விடும். நானும் செய்தேன். பஞ்சு வேண்டா வெறுப்பாக ஒன்றை விழுங்கியது. உயிரோடு ஒன்றை வெந்நீரில் விடுவதற்கு எனக்கு இரண்டாம் நாள் மனம் வரவில்லை. வகையை மாற்றினேன். தோழி ஒருத்தி பத்து வருடமாக ரசாயனம் படாத காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறாள். அவள் மண்ணிலிருந்து சாதாரணத் தோட்டப் புழு ஒரு டப்பா கொண்டுவந்தேன். பெட்டியிலிருந்து நீலத்தைப் பொறுக்கித் தனியே பிரித்தேன். இரண்டையும் பஞ்சு துப்பவில்லை. டைகரையே சந்தோஷமாகத் தின்கிற ஆக்சலாட்டல்களும் உண்டு. உங்கள் பிராணிக்கு எது பிடிக்கிறது என்று அதனிடம்தான் கேட்க வேண்டும்.

ஏன் வாங்கிக்கொண்டே இருக்காமல் வளர்க்க வேண்டும் என்றால், முதல் காரணம் அளவு. இரையின் தடிமன் பிராணியின் இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. கடையில் கிடைப்பதெல்லாம் ஒரே பருமன். சின்னதற்குக் கொடுக்க வேண்டுமென்றால் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். வளர்க்கிற தொட்டியில் நூல் மாதிரி நேற்றுப் பிறந்ததிலிருந்து நன்றாகப் பருத்தது வரை எல்லா அளவும் இருக்கும். வெட்டவே வேண்டியதில்லை. இன்னொன்று, கடைப் புழு எதைத் தின்றது என்று தெரியாது. என் புழு தின்பதை நான்தான் போடுகிறேன்.

தொட்டி பெரிய விஷயம் இல்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, அடியில் வடிகால் ஓட்டை, பக்கவாட்டில் காற்று ஓட்டை. கீழே கிழித்து நனைத்த அட்டைப்பெட்டித் துண்டு, அதன்மேல் ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க் கழிவு, ஒரு கை தோட்டத்து மண். படுக்கையை எடுத்துக் கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஓடினால் ஈரம் அதிகம். போடுவது நம் சமையலறையில் மிஞ்சுவதுதான். வாழைப்பழத் தோல், பூசணிக் குடல், கீரைக் காம்பு, சர்க்கரை போடாத டீத்தூள். கூடாததும் நம் சமையலறையில்தான் அதிகம். உப்புப் போட்ட சோறு, புளிச் சக்கை, எலுமிச்சைத் தோல், மிளகாய், வெங்காயம், எண்ணெய் பட்ட எதுவும் ஆகாது. உப்பு அதன் ஈரத் தோலைச் சுட்டுவிடும். ரசம் வடித்த சக்கையை ஒரு நாள் மறந்துபோய்ப் போட்டதில், மறுநாள் அந்த மூலையிலிருந்து எல்லாம் விலகி எதிர் மூலையில் உருண்டையாகச் சுருண்டு கிடந்தன.

முட்டை ஓட்டைக் காயவைத்து மிக்சியில் மாவாக அடித்து வாரம் ஒரு கரண்டி தூவுகிறேன். படுக்கை புளித்துப் போகாமல் இருக்கும், புழுவின் குடலிலும் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து சேரும். எலும்பு வளர்கிற வயதில் பஞ்சுவுக்கு அது வேண்டும்.

ஒரு மழை இரவில் நீலங்கள் எல்லாம் மூடி இடுக்கு வழியாக வெளியே வந்து சலவை அறைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. மழைக்காற்று வந்தால் இந்த வகைக்குக் கால் நிற்காது. காலையில் தரையெல்லாம் காய்ந்த நூலாகக் கிடந்ததைப் பார்த்து மகள் அழுதுவிட்டாள். இப்போது மழை வரும் என்று தெரிந்தால் தொட்டிக்கு மேலே ஒரு விளக்கைப் போட்டுவிடுகிறேன். வெளிச்சத்துக்குப் பயந்து அடியிலேயே இருந்துவிடும். குளிர்காலத்தில் இவை சுணங்கும். அப்போது சாக்குப் போர்த்தி வீட்டுக்குள் வைத்தாக வேண்டும்.

அம்மா ஆறு மாதம் வந்து தங்கியிருந்தது அந்தச் சமயத்தில்தான். முதல் நாள் பார்த்துவிட்டு, "ஏன்டி, வாயில்லாத ஜீவனுக்கு இன்னொரு வாயில்லாத ஜீவனையா பிடிச்சுப் போடுவே?" என்றாள். அப்பாவின் தூண்டிலுக்கு ஒரு நாளும் சொல்லாத வார்த்தை. எனக்கு அதற்குச் சுத்தமான பதில் இல்லை, இன்றும் இல்லை. "அது தின்னு உசுரு வாழணும்மா" என்றேன். ஒரு வாரம் கழித்துக் காய் நறுக்கும்போது தோலைத் தனிக் கிண்ணத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். எதில் உப்புப் பட்டது, எதில் படவில்லை என்று அவளே பிரித்துவிடுவாள். தட்டில் கை கழுவின தண்ணீர் அந்தக் கிண்ணத்தில் தெறிக்க விடமாட்டாள்.

தண்ணீரில் வாழும் கரும்புழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் சிரமமே இல்லை. இங்கே உயிரோடு கிடைக்கும். தட்டை டப்பாவில், புழு மூழ்கும் அளவுக்கு மட்டும் குளோரின் நீக்கிய தண்ணீர் விட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, தினமும் தண்ணீரை மாற்றினால் வாரக்கணக்கில் இருக்கும். தண்ணீர் கலங்கினால் செத்தது இருக்கிறது என்று அர்த்தம், உடனே அலசிவிட வேண்டும். உடம்பு அறுந்தால் ஒவ்வொரு துண்டும் தலையும் வாலும் முளைத்துத் தனிப் புழு ஆகிவிடும், அதன் இனப்பெருக்கமே பெரும்பாலும் அப்படித்தான். கால் போனால் கால் முளைக்கிற பிராணிக்கு இப்படி ஒரு இரை. பதினைந்து சென்டிமீட்டர் வரை பஞ்சு தேறியது இதில்தான்.

சென்னையில் கல்லூரியில் படித்தபோது கொளத்தூர் மீன் கடைகளில் சிவப்பு உருண்டையாக டியூபிஃபெக்ஸ் விற்பதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கக் கரும்புழுவுக்குத் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் அது செழித்து வளர்வது சாக்கடைச் சேற்றில். எத்தனை அலசினாலும் அந்தச் சேற்றின் நோய் அதன் குடலோடு வரும். அதை ஆக்சலாட்டலுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

இனி குஞ்சுகள். உண்மையான உயிருணவுப் பாடம் எனக்கு அங்கேதான் நடந்தது.

போன ஜூனில் தோழி வீட்டு ஜோடி முட்டையிட்டது. ஒரு ஈட்டுக்கு நூற்றுக்கணக்கில் இடும். அத்தனையும் வளர்க்க யாராலும் முடியாது. செடியில் ஒட்டியிருந்த 24 முட்டைகளை ஒரு டப்பாவில் கொடுத்தாள். ஜவ்வரிசி வெந்தது மாதிரி ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. நாள் போகப் போகப் புள்ளி நீண்டு வளைந்தது. இரண்டரை வாரத்தில் 19 பொரித்தன. ஒரு சென்டிமீட்டர் கண்ணாடி நூல், இரண்டு கண், கால் கிடையாது.

இரண்டு நாள் வயிற்றில் இருக்கிற மஞ்சள் கருவே போதும். மூன்றாம் நாள் பசிக்கும். அப்போது அதன் முன்னால் அசைகிற ஒன்று இருக்க வேண்டும். வளர்ந்தது உருண்டைத் தீனியையும் தின்னும், பல ஆய்வகங்களில் அதுதான் கொடுக்கிறார்கள், அதில் தவறு இல்லை. குஞ்சிடம் அது கதைக்கு ஆகாது. அசையாததை அது சாப்பாடு என்றே அறியாது. சுற்றிலும் தீனி கிடக்கப் பட்டினியில் சாகும்.

அசைகிற ஒன்று, அரை மில்லிமீட்டருக்குள். அதற்குத்தான் ஆர்ட்டீமியா, உப்பு ஏரியில் வாழும் குட்டி இறால். அதன் முட்டை காய்ந்த நிலையில் பல வருடம் உறங்கிக் கிடக்கும். உலகம் முழுக்க விற்பதில் கணிசமான பங்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கிரேட் சால்ட் ஏரியிலிருந்து வருவது. பார்த்தால் கேழ்வரகு மாவைவிடக் கொஞ்சம் கரகரப்பான பழுப்புத் தூள்.

குளிர்பான பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, லிட்டருக்கு 25 கிராம் கல் உப்பு கரைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்து, அரைக் கரண்டி தூளைப் போட்டு, அடியிலிருந்து காற்றுக் குழாயில் குமிழி விட்டேன். மேலே விளக்கு. தண்ணீர் 26, 28 டிகிரி இருந்தால் ஒரு நாளில் பொரிக்கும். மெல்பர்ன் ஜூன் மாதத்தில் வீட்டுக்குள்ளேயே 17. முதல் பாட்டில் இரண்டு நாள் ஆகியும் பொரிக்கவில்லை. இரண்டாவதை வெந்நீர் பக்கெட்டில் நிறுத்தி, ஆறினால் மாற்றி, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன். பழுப்பு போய் ஆரஞ்சாக மாறியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் முழுக்கத் துடித்துக்கொண்டிருந்தது.

காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், பொரிக்காதது அடியில் தங்கும், நடுவே ஆரஞ்சு மேகமாகக் குஞ்சு நிற்கும். வெளிச்சத்தைத் தேடி வருவது அதன் குணம். பாட்டில் பக்கத்தில் டார்ச்சை வைத்தால் அங்கே கூடும். அதை மட்டும் குழாயால் இழுத்து, பழைய கைக்குட்டையை நான்காக மடித்து வடிகட்டி, நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, சொட்டுக்குழாயில் எடுத்து விட வேண்டும். ஓடு கலந்தால் குஞ்சின் குடல் அடைத்துக்கொள்ளும். தாமதமும் கூடாது. பொரித்த சில மணி நேரத்தில் இறால் தன் கருவைத் தானே கரைத்துத் தீர்த்துவிடும். பிறகு கொடுத்தால் சக்கை. நல்ல தண்ணீரில் சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும், செத்ததை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். காலை ஒரு முறை, ராத்திரி ஒரு முறை, ஒவ்வொரு முறையும் தண்ணீர் மாற்றம். இரண்டு பாட்டில் மாற்றி மாற்றி ஓடியது.

முதல் சாப்பாட்டை நானும் மகளும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். கண்ணாடி நூல் அசையாமல் கிடந்தது. ஒரு ஆரஞ்சுப் புள்ளி மூக்குக்கு முன்னால் துள்ளியது. தலை ஒரு சொடுக்கு, புள்ளி இல்லை. பஞ்சு செய்கிற அதே சொடுக்கு. கால்கூட முளைக்காத ஒன்றுக்கு அது தெரிந்திருந்தது. அரை மணி நேரத்தில் தோல் வழியாகவே தெரிந்தது, ஒவ்வொன்றின் வயிற்றிலும் கடுகளவு ஆரஞ்சு விளக்கு ஏற்றின மாதிரி. அதன் பிறகு தினமும் காலையில் நான் பார்ப்பது அந்த விளக்கைத்தான். வயிறு ஆரஞ்சாக இல்லாததைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துச் சாப்பிட வைப்பேன்.

மூன்றாம் வாரம் டாஃப்னியாவுக்கு மாறினேன். குளத்தில் துள்ளித் துள்ளிப் போகுமே, அந்தத் தண்ணீர்த் தெள்ளு. இதை வளர்க்க முதலில் தண்ணீரைப் பச்சையாக்க வேண்டும். பஞ்சுவின் தொட்டியிலிருந்து மாற்றும் பழைய தண்ணீரை வாளியில் வெயிலில் வைத்தால் இரண்டு வாரத்தில் பாசி ஏறிப் பச்சையாகும். பாசியைத் தெள்ளு தின்னும். எல்லாம் நன்றாக இருந்தால் ஆண் துணையே இல்லாமல் பெண்ணிலிருந்து பெண்ணாகப் பெருகும். நல்ல தண்ணீர் என்று நினைத்துக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் குளோரினில் ஒன்றும் மிஞ்சாது.

குளிரில் பாசி ஏற நாளானது. ஈஸ்ட் கரைசல் விட்டேன். குஞ்சுகளின் பசியைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். தெள்ளுகள் வெளிறி இருந்தவை இளஞ்சிவப்பாக மாறின. ரத்தம் ஊறுகிறது, ஆரோக்கியம் என்று மகிழ்ந்துபோனேன். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால்தான் டாஃப்னியா ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொண்டு சிவக்கும். மூச்சுத் திணறலை நான் செழிப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் நாள் காலையில் வாளியைத் திறந்தால் புளித்த மாவு நாற்றம். ஒன்றுகூடத் துள்ளவில்லை, எல்லாம் அடியில் வெள்ளைத் தூசியாகக் கிடந்தன.

அன்று குஞ்சுகளுக்கு இரை போதவில்லை. பசித்தால் இவை அசைகிற எதையும் கவ்வும், அடுத்ததன் காலாக இருந்தாலும். முன்னங்கால் அப்போதுதான் முளைத்திருந்தது. சாயந்திரத்துக்குள் நான்கு குஞ்சுகளுக்குக் கால் இல்லை. ஒன்றுக்குச் செவுளும் இல்லை, அது மறுநாள் இறந்துவிட்டது. மற்றவற்றுக்கு மொட்டு மாதிரி முளைத்து, ஒரு மாதத்தில் விரலோடு கால் வந்துவிட்டது. கால் முளைக்கிற பிராணிதானே என்று நான் ஆறுதல் அடையவில்லை. வாளியில் ஈஸ்ட் ஊற்றின கை என்னுடையது.

எலுமிச்சை மரத்தடியில் மறந்துபோய் விட்டிருந்த ஒரு பழைய தொட்டியில் கொஞ்சம் தெள்ளு பிழைத்திருந்தது. ஈஸ்ட் படாதது, தானாக ஏறிய பாசியைத் தின்று வெளிறிப்போய்த் துள்ளிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மறுபடி தொடங்கினேன். அன்றிலிருந்து எதையும் ஒரே வாளியில் வைப்பதில்லை. இரண்டாவது எப்போதும் வேறு இடத்தில் இருக்கும்.

19-ல் 13 பிழைத்தன. மூன்று சென்டிமீட்டர் தாண்டியதும் கரும்புழுவுக்கு வந்தன. ஐந்து சென்டிமீட்டரில் தொட்டியில் பிறந்த நூல் புழுக்களைத் தின்றன. அப்போது அந்தப் புழுத்தொட்டி கைகொடுத்த மாதிரி வேறெதுவும் கொடுக்கவில்லை. வளர்க்கத் தெரிந்தவர்கள் பதினொன்றை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கை புழுவும் படுக்கையும் டப்பாவில் கொடுத்தனுப்பினேன்.

தமிழ்நாட்டிலிருந்து சிலர் வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். 16 முதல் 18 டிகிரி வரை குளிர்ந்த தண்ணீர் இதற்கு வேண்டும். 24-ஐத் தாண்டினால் சாப்பாட்டை விடும், பூஞ்சை பிடிக்கும். இங்கேயே ஜனவரியில் 40 டிகிரி அடிக்கும் நாட்களில் குளிரூட்டும் கருவி இல்லாமல் எங்களால் முடியவில்லை. சென்னையில் வருடம் முழுக்க அது ஓட வேண்டியிருக்கும். மின்சாரம் போன மதியத்தில் என்ன செய்வீர்கள்? சட்டமும் இருக்கிறது. வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள விலங்கு இது. 2022-ல் இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வந்த திருத்தப்படி இப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். வாங்கும் ஆசைக்கு முன்னால் இதை யோசியுங்கள். கொசுப்புழு கொடுக்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஆக்சலாட்டல் நன்றாகத்தான் தின்னும். ஆனால் டெங்கு இருக்கிற ஊரில் வீட்டு வாசலில் கொசு வளர்க்கச் சொல்லி நான் யாருக்கும் எழுத மாட்டேன்.

ஆக்சலாட்டலின் சொந்த ஊரிலும் இரை ஒரு சிக்கல்தான். சோச்சிமில்கோவில் கார்ப், திலாப்பியா மீன்களை 1970-கள், 80-களில் கொண்டுவந்து விட்டார்கள். அவை ஆக்சலாட்டல் முட்டையையும் தின்றன, ஆக்சலாட்டல் தின்ன வேண்டியதையும் தின்றன. இப்போது அங்கே மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும், சினாம்பா எனப்படும் வாய்க்கால் தோட்டத்து விவசாயிகளும் சேர்ந்து, ஓடை வாய்களில் தடுப்பு வடிகட்டி வைத்து அந்த மீன்கள் வராமல் காக்கிறார்கள். வாய்க்கால் கரையில் ரசாயனம் போடாமல் பயிர் வைக்கிறார்கள். தண்ணீர் தெளிந்து பூச்சியும் குட்டி இறாலும் பெருகினால்தான் ஆக்சலாட்டலை அங்கே விடமுடியும். இதைப் படித்தபோது என் எலுமிச்சை மரத்தடித் தொட்டிதான் நினைவுக்கு வந்தது.

பஞ்சு இப்போது 22 சென்டிமீட்டர். இரண்டு நாளைக்கு ஒரு முறை, ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, இரண்டு புழு. போன ஞாயிற்றுக்கிழமை மகள் தொட்டிப் படுக்கையைக் கிளறி, முட்டைக்கூடுகளைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள். குட்டி எலுமிச்சம்பழ வடிவில், மிளகைவிடச் சிறியதாக, தேன் நிறத்தில் இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் ஒவ்வொன்றிலிருந்தும் குட்டிப் புழு வரும். 41 எண்ணி, திரும்பப் படுக்கைக்குள்ளேயே புதைத்தாள்.

அந்த நேரம்தான் அம்மா கும்பகோணத்திலிருந்து கூப்பிட்டாள். பேத்தியைக் கேட்பதற்கு முன்னால், பஞ்சுவைக் கேட்பதற்கு முன்னால், "புழுவெல்லாம் எப்படிடி இருக்கு? அங்க குளிருமே, மேல சாக்கு போட்டியா?" என்றாள்.

"போட்டேன்மா. ரெண்டு சாக்கு."